மறுபடியும் கிரெப்ஸ்

பிளஸ் டூ உயிரியலில் மனப்பாடம் செய்த கிரெப்ஸ் சுழற்சி, பி.எஸ்சி.யில் மறுபடி, எம்.எஸ்சி.யில் மறுபடி, நெட் தேர்வுக்கு மறுபடி. சிட்ரேட்டில் கிளம்பி ஆக்சலோஅசிட்டேட்டில் வந்து நிற்பதற்குள் தலை சுற்றும். தேர்வு முடிந்த மறுநாளே சுத்தமாக மறந்துபோகும்.

ஹான்ஸ் கிரெப்ஸ் 1937-இல் இதை 'நேச்சர்' இதழுக்கு அனுப்பியபோது, ஏழெட்டு வாரத்துக்கு வெளியிடக் கடிதங்கள் கைவசம் குவிந்திருக்கின்றன என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மனிதர் சளைக்காமல் 'என்சைமாலஜியா'வில் வெளியிட்டு, 1953-இல் நோபல் பரிசும் வாங்கிவிட்டார். (எல்லா இதழ்களும் அதே கறாராக இருந்திருந்தால் நமக்கு ஒரு பத்து மார்க் கேள்வி மிச்சம்.)

சுழற்சியை இத்தனை முறை படித்த முனைவர் பட்ட மாணவர் இப்போது நாளெல்லாம் பைப்பெட் பிடிக்கிறார். அதை எழுதச் சொன்னால் கூகிளைத் திறக்கிறார். வாய்மொழித் தேர்வில் கேட்கும் பேராசிரியரும் விடையைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்.