லட்சுமி என்னும் பெயரின் பயன்பாடுகள்: நெய்வேலியை முன்வைத்து ஒரு பூர்வாங்க ஆய்வு

நெய்வேலி நகரியத்தில் எந்தப் பிளாக்கில் நின்று "லட்சுமி!" என்று குரல் கொடுத்தாலும் குறைந்தது ஒரு ஜன்னலாவது திறக்கும். கரன்ட் போன மாலை என்றால் நாலைந்து. (மின்சாரம் தயாரிக்கும் ஊரில் கரன்ட் போகுமா என்பது தனி ஆய்வுக்குரியது.) இந்நிகழ்வு அறிஞர் கவனத்தை இதுவரை பெறாதது வியப்பே. இங்கே நிலக்கரியின் ஈரப்பதத்தை அளக்கிறார்கள், சாம்பலை அளக்கிறார்கள், சுரங்கத் தரைக்கு அடியில் முட்டிக்கொண்டு நிற்கும் நிலத்தடி நீரின் அழுத்தத்தை அல்லும் பகலும் கண்காணித்து நீரை இறைக்கிறார்கள். லட்சுமிகளை மட்டும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

ஆய்வுக்களத்தின் தகுதி பற்றி முதலில். ஜம்புலிங்க முதலியார் நிலத்துக் கிணற்றில் கறுப்பாய் ஏதோ வந்தது; 1956-ல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் என்ற நிறுவனம் வந்தது; 1957 மே 20 அன்று நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். அதன் பிறகு வேலைக்கு வந்தவர்கள் விருத்தாசலம், குறிஞ்சிப்பாடியிலிருந்து மட்டும் வரவில்லை. ஆந்திரர் வந்தார், மலையாளி வந்தார், கன்னடர் வந்தார். உணவும் மொழியும் வேறு. ஆனால் ஒவ்வொருவர் வீட்டிலும் மனைவியோ, தங்கையோ, மாமியாரோ ஒரு லட்சுமி இருந்தார். தேசிய ஒருமைப்பாட்டுக்கு இதைவிட நல்ல சான்றை இவ்வாய்வாளர் கண்டதில்லை.

பெயர் ஒன்றாகிவிட்டால் அடையாளம் வேண்டும் அல்லவா? மற்ற ஊர்களில் தெருவைச் சொல்வார்கள், சாதியைச் சொல்வார்கள். இங்கே கணவர் வேலை பார்க்கும் ஆலையைச் சொன்னார்கள். தெர்மல் லட்சுமி, மைன்ஸ் லட்சுமி, ஃபெர்டிலைசர் லட்சுமி, பி அண்ட் சி லட்சுமி. உர ஆலையும், லெகோ கரிக்கட்டி தயாரித்த பி அண்ட் சி ஆலையும் மூடி வருஷங்கள் ஆகிவிட்டன. ஃபெர்டிலைசர் மாமி இன்றும் ஃபெர்டிலைசர் மாமிதான். ஒரு பொதுத்துறை ஆலை தன் பெயரை எவ்வளவு காலம் காப்பாற்றிக்கொள்ளும் என்பது கட்டடத்தைப் பொறுத்ததல்ல. எத்தனை லட்சுமிகள் அதைச் சுமந்தார்கள் என்பதைப் பொறுத்தது. ஒரே ஆலையில் இரண்டு லட்சுமிகள் அமைந்தபோது ஷிப்டைச் சேர்த்துப் பார்த்தார்கள். "நைட் ஷிப்ட் லட்சுமி" என்பதற்குச் சம்பந்தப்பட்ட அம்மையார் கடும் ஆட்சேபம் தெரிவித்ததால் அம்முறை கைவிடப்பட்டது.

ஆஸ்பத்திரி ஓ.பி.யில் இப்பெயரின் நடத்தை இன்னும் தெளிவாகப் புலப்படும்.

"லட்சுமி!"

நான்கு பேர் எழுந்து நிற்பார்கள்.

"எந்த லட்சுமி சிஸ்டர்?"

"சுகர் லட்சுமி."

மூவர் அப்படியே நின்றுகொண்டிருப்பார்கள்.

அடுத்து, இப்பெயரின் வேதியியல். லட்சுமி ஹைட்ரஜனைப் போல எதனுடனும் சேரும். சேர்வது எது என்பதைப் பொறுத்துப் பலன் மாறும். 'விஜய' சேர்ந்தால் ஐ.நா. பொதுச்சபையின் தலைமை நாற்காலி (விஜயலட்சுமி பண்டிட், 1953). 'சுப்பு' சேர்ந்தால் அதே ஐ.நா.வில் கச்சேரி (எம்.எஸ்., 1966). 'முத்து' சேர்ந்தால் முதலில் சட்டமன்றம், பிறகு அடையாறு புற்றுநோய் மருத்துவமனை (டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954). முன்னொட்டு எதுவும் இல்லாதவர் ராணுவப் பதவியையே முன்னால் வைத்துக்கொண்டார்: கேப்டன் லட்சுமி. 2002-ல் குடியரசுத் தலைவர் தேர்தலில் அப்துல் கலாமை எதிர்த்து நின்றார். திரிபுரசுந்தரி என்ற டாக்டர் ஒருவரோ, இவ்வளவு நீளமான, வேறு யாருக்கும் எளிதில் வாய்க்காத பெயரை வைத்துக்கொண்டு 'லட்சுமி' என்ற பெயரில் நாவல் எழுதினார். 1984-ல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றார். கூட்டத்தில் கலக்க விரும்பி அதற்காக விருது வாங்கியவர் அவர் ஒருவராகத்தான் இருக்கும்.

அறிவியலுக்கு வருவோம். தார்வாட் வேளாண் ஆய்வாளர் கட்டர்கி 1972-ல் உருவாக்கிய 'வரலட்சுமி', இரண்டு வேறு பருத்தி இனங்களைக் கலந்து சாகுபடிக்கு வந்த முதல் வீரிய ஒட்டு ரகம். அதன் தாய்ச்செடியின் பெயர் லட்சுமி. தந்தையின் பெயர் எஸ்.பி. 289 ஈ. மகளுக்கு எவ்வழிப் பெயர் வைப்பது என்பதில் அவ்வீட்டில் தகராறு ஏதும் நடந்திருக்க வாய்ப்பில்லை.

வெள்ளிக் கோளில் ஒரு பீடபூமி இருக்கிறது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் அகலம். கன்னியாகுமரியில் காலை வைத்து டெல்லியில் தலையை வைக்கலாம். பெயர் லட்சுமி பிளானம். அக்கோளின் நில அமைப்புகளுக்குப் பெண் பெயர்களே வைப்பது என்பது சர்வதேச வானியல் ஒன்றியத்தின் விதி. விதி வருவதற்கு முன்பே ரேடாரில் தெரிந்துவிட்ட ஒரே காரணத்தால் ஓர் ஆண் தப்பித்தார்: இயற்பியலாளர் மேக்ஸ்வெல். சுமார் 11 கிலோமீட்டர் உயரமுள்ள அந்த மேக்ஸ்வெல் மலை, லட்சுமியின் கிழக்கு எல்லையில் ஓரமாக நிற்கிறது. பீடபூமியில் வெப்பம் 400 டிகிரிக்கும் மேல். சித்திரையில் மந்தாரக்குப்பம் பஸ் ஸ்டாண்டில் நின்றவர்களுக்கு இது பெரிதாகத் தோன்றாது.

1938-ல் இத்தாலியின் பாம்பெய் நகரில் ஒரு சாண் உயரத் தந்தச் சிலை கிடைத்தது; லட்சுமி என்றார்கள். கி.பி. 79-ல் வெசுவியஸ் எரிமலை கொட்டிய சாம்பலுக்குள் அவ்வளவு காலம் கிடந்திருக்கிறது. சாம்பலுக்கு அடியில் ஒரு பெண் எத்தனை காலம் பொறுமையாக இருக்க முடியும் என்பதை, மாடியில் வடகம் காயவைத்த நெய்வேலிப் பெண்மணிகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அது லட்சுமி அல்ல, யட்சியாக இருக்கலாம் என்று அறிஞர்கள் இப்போது சொல்கிறார்கள். 'பாம்பெய் லட்சுமி' என்ற பெயரோ ஒட்டிக்கொண்டுவிட்டது. பலகையை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை.

இனி இவ்வாய்வின் மையக் கருதுகோள்: இப்பெயர் எங்கே பணத்தை வாக்களிக்கிறதோ அங்கே நிலைப்பதில்லை, எங்கே வாக்களிக்கவில்லையோ அங்கே நிலைக்கிறது. முகமது கோரி வடநாட்டில் வெளியிட்ட தங்கக் காசில் ஒரு பக்கம் லட்சுமி அமர்ந்திருந்தாள். அந்த ஆட்சி என்னவாயிற்று என்று வரலாறு படித்தவர்கள் அறிவார்கள். 1926-ல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி, 2020 நவம்பரில் ஒரு சிங்கப்பூர் வங்கியின் இந்தியத் துணை நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. தனலட்சுமி வங்கி 1927 முதல் திருச்சூரில் தாக்குப்பிடிப்பது நம் கருதுகோளுக்குச் சிறு தொந்தரவுதான். மலையாளிகளுக்கு எல்லாவற்றிலும் விதிவிலக்கு உண்டு என்று சொல்லி மேலே செல்லலாம்.

மாறாக, புதுச்சேரி மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமியைப் பாருங்கள். தும்பிக்கையில் காசை வாங்கும், தலையில் தொட்டு ஆசி தரும். வட்டி இல்லை, முதலும் திரும்பாது. ஆனாலும் வாடிக்கையாளர் ஒருவர்கூடப் புகார் செய்ததில்லை. 2022 நவம்பர் 30 அன்று காலை நடையின்போது அது சரிந்து விழுந்து இறந்தபோது ஊரே திரண்டு அழுதது. வங்கி போனபோது அழுதவர்கள் பங்குதாரர்கள் மட்டுமே.

சிவகாசிச் சான்றும் உண்டு. லட்சுமி வெடியின் திரியைக் கிள்ளிப் பற்றவைத்ததும் பணம் கரியாகிறது என்பதை யாரும் மறைக்கவில்லை. அதனால்தான் தலைமுறை தாண்டி நிற்கிறது. சரஸ்வதிக்குப் பள்ளிக்கூடங்கள் உண்டு, வெடி கிடையாது. தேவியர்க்கிடையே இந்தத் துறை ஒதுக்கீட்டை யார் செய்தார்கள் என்பது ஆராயத்தக்கது.

மனிதர்களிடத்திலும் விதி மாறவில்லை. பெண் பிறந்ததும் "மகாலட்சுமி பொறந்திருக்கா" என்பார்கள். முதல் பெண்ணுக்குச் சொல்லும் குரலும் மூன்றாவது பெண்ணுக்குச் சொல்லும் குரலும் ஒன்றல்ல. கல்யாணமானால் "வீட்டுக்கு வந்த மகாலட்சுமி" என்பார்கள். கூட வந்த ரொக்கம் எந்தப் பெயரில் வரவு வைக்கப்பட்டது என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் திரும்பும்.

வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு குப்பையை வெளியே கொட்டினால் லட்சுமி போய்விடுவாள் என்பது நம் பாட்டிகளின் உறுதியான முடிவு. நெய்வேலியில் ஒரு டன் நிலக்கரிக்கு ஐந்தாறு கன மீட்டர் மேல்மண்ணை அள்ளியாக வேண்டும். வாளிச்சக்கர இயந்திரம் வெட்ட, கன்வேயர் கொண்டுபோக, ஸ்பிரெடர் கொட்டிக்கொண்டே இருக்கிறது. மூன்று ஷிப்ட், வெள்ளிக்கிழமைக்கு விலக்கில்லை. பாட்டிகளின் கணக்குப்படி லட்சுமி என்றோ கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பத்தான் செய்கிறாள்: கோபித்துக்கொண்டு அல்ல, கம்பி வழியாக, சென்னைக்கு. நிலம் கொடுத்த கிராமங்களில் விசாரித்தால், தங்கள் வீட்டிலிருந்து அவள் கிளம்பிய தேதியைக்கூடச் சொல்வார்கள்.

எனினும் நிறுவனம் 1956 முதல் இருக்கிறது. காரணம் வெளிப்படை. சுரங்க இயந்திரங்களை மைன்ஸ்காரர்கள் வாளியின் கொள்ளளவை வைத்து '700', '1400' என்கிறார்கள். ஒன்றுக்குக்கூட லட்சுமி என்று பெயரில்லை. 2016-ல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் என்பதை என்.எல்.சி. இந்தியா லிமிடெட் என்று மாற்றியபோது கைவசம் எவ்வளவோ பெயர்கள் இருந்தும் 'லட்சுமி'யைச் சேர்க்காமல் விட்டார்கள். அந்த முடிவை எடுத்த குழுவுக்கு இவ்வாய்வாளரின் நன்றி. அடுத்த முறை பெயர் மாற்றும்போதும் இதே எச்சரிக்கையைக் கடைப்பிடிக்குமாறு நிர்வாகத்தைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.