ரைஸ் குக்கர் மாற்றமும் அளவுக் கப்பும்: ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

பழைய ரைஸ் குக்கரைப் பரணில் ஏற்றிவிட்டு நல்லதாக ஒன்று வாங்கலாம் என்ற பேச்சு ஒரு வீட்டில் எப்போது எழுகிறது? குக்கர் கெட்டுப்போகும்போது என்பவர்கள் களப்பணி செய்யாதவர்கள். கெட்ட குக்கர் மெக்கானிக்கிடம் போய், வயர் மாற்றிக்கொண்டு திரும்பிவிடும். மாற்றப் பேச்சு எழுவது குக்கர் நன்றாக ஓடும் நாளில்தான். அன்று சோறு குழைந்திருக்கும். மறுநாள் விதை விதையாக நிற்கும். இரண்டுக்கும் குற்றவாளி குக்கரே. தண்ணீர் ஊற்றியவர் மீது இதுவரை வழக்கு பதிவானதில்லை. அந்தத் தீர்ப்பை இக்கட்டுரை மறுவிசாரணை செய்கிறது.

2. வரலாற்றுப் பின்புலம்

தானாக அணையும் குக்கரை ஜப்பானின் தோஷிபா நிறுவனம் 1955 டிசம்பரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 3,200 யென். அதை உருவாக்கித் தந்தவர் யோஷிதாதா மினாமி. வீட்டில் ஓயாமல் சோறாக்கிச் சோதித்தவர் அவர் மனைவி ஃபூமிகோ. வேலைப் பங்கீட்டில் ஜப்பானுக்கும் நமக்கும் பெரிய வேறுபாடில்லை என்பது இதனால் பெறப்படும். அக்குக்கரில் வெளிப் பாத்திரத்தில் ஊற்றிய தண்ணீர் வற்றச் சுமார் 20 நிமிடம் ஆகும். வற்றியதும் சூடு 100 டிகிரியைத் தாண்டும். ஈருலோகப் பட்டை வளைந்து மின்சாரத்தை நிறுத்தும்.

நம் வீடுகளில் ‘டக்’ என்று ஒலி எழுப்பும் குக்கரில் அவ்வேலையைக் காந்தம் பார்க்கிறது. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை பாத்திரத்தின் அடி 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். தண்ணீர் தீர்ந்ததும் சூடு ஏறும். ஓர் அளவு தாண்டினால், அடியிலுள்ள கலவைப் பொருள் காந்தத்துக்கு மசியாது, ஸ்பிரிங் வென்றுவிடும். காந்தத்தன்மை இப்படிச் சூட்டில் மறைவதைப் பியர் கியூரி 1895இல் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் ஆராய்ந்தார். முனைவர் பட்ட ஆய்வேடு ஒன்று வேளை தவறாமல் சோறு போடுவதற்கு இதைவிட்டால் வேறு சான்று கிடைப்பது அரிது.

3. வகைப்பாடு

கடையில் கிடைப்பவை மூவகை. முதலாவது, மேற்சொன்ன காந்த வகை. இரண்டாவது, சிப் பொருத்திய வகை. ஊறவைப்பது, கொதிக்கவைப்பது, கடைசியில் புழுங்கவிடுவது என்று சூட்டைக் கட்டம் கட்டமாக மாற்றும். மூன்றாவது, இண்டக்‌ஷன் வகை. இதில் அடித் தட்டுக்குப் பதில் பாத்திரமே சூடேறும். பின்னவை இரண்டிலும் அடிப்பிடிப்பது குறைவு. சோறு சீராக வேகும். வடித்த சோறே சோறு என்னும் மரபினர் மூன்றையும் நிராகரிப்பர். அவர்களோடு வாதிடுவது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஜப்பானிலிருந்து மருமகன் பெட்டியில் வரும் குக்கர் புறனடை. அது 100 வோல்ட்டுக்குப் பிறந்தது. நம் சுவரில் இருப்பது 230.

மூவகைக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. தண்ணீர் தீர்ந்ததை அவை அறியும். எவ்வளவு ஊற்ற வேண்டும் என்பதை அறியா. பச்சரிசி ஒன்றுக்கு இரண்டு போதும் என்றால், புழுங்கலரிசி இரண்டரையோ மூன்றோ கேட்கும். அரிசி புதியதா பழையதா என்பதைப் பொறுத்து இதுவும் மாறும்.

4. முதன்மைக் கண்டுபிடிப்பு

குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப்பை ஆய்வுலகம் புறக்கணித்துவிட்டது. அது பொதுவாக 180 மில்லி பிடிக்கும். ஜப்பானியர் அரிசி அளக்கும் ‘கோ’ என்னும் அளவை அது. பத்துக் கோ சேர்ந்தால் ஒரு ‘ஷோ’, ஏறத்தாழ 1.8 லிட்டர். நம் கடைகளில் ‘1.8 லிட்டர்’ என்று அடுக்கியிருக்கும் பெட்டிகள் சுமப்பது அந்தப் பழைய படியைத்தான். 168 மில்லி ஆழாக்கில் பழகிய நம் கைகளுக்கு இதை யாரும் சொல்லவில்லை.

கப்பின் வாழ்க்கை மூன்று பருவங்கள் உடையது: குக்கர்ப் பருவம், ரவை டப்பாப் பருவம், வாஷிங் பவுடர்ப் பருவம். இரண்டாம் பருவம் தொடங்கும்போதே அரிசி அளக்கும் பதவி எவர்சில்வர் டம்ளருக்குப் போய்விடுகிறது. மாமியார் எடுப்பது ஒரு டம்ளர், மருமகள் எடுப்பது இன்னொன்று. பாத்திரத்தின் உட்புறக் கோடுகளோ இன்னும் கப்புக் கணக்கிலேயே நிற்கின்றன. குழைந்த சோறும் விதைச் சோறும் இங்குதான் பிறக்கின்றன.

பிறகு புதுக் குக்கர் வருகிறது. முதல் வாரம் சோறு மல்லிகைப்பூவாக உதிர்கிறது. புகழ் முழுவதும் இண்டக்‌ஷனுக்கு. பெட்டிக்குள் ஒரு புதுக் கப்பும் வந்ததை யாரும் பேசுவதில்லை. அது ரவை டப்பாவுக்குப் போனதும் பழைய பேச்சு மறுபடி தொடங்குகிறது.

5. பரிந்துரைகள்

இருவர் வீட்டுக்கு 1 லிட்டர், நால்வருக்கு 1.8 லிட்டர் போதும். பாத்திரத்தின் அடியைத் துடைத்து வைக்கவும். அடித் தட்டின் நடுக் குமிழில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தாலும் குக்கரின் கணக்குத் தப்பும். பூச்சுள்ள பாத்திரத்தில் எவர்சில்வர் கரண்டி போடக் கூடாது. புழுங்கலரிசியை அரை மணி நேரம் ஊறவைக்கவும். ‘டக்’ கேட்டபின் பத்து நிமிடம் மூடியைத் திறவாமல் இருக்கவும். கப்பைக் குக்கரின் கைப்பிடியில் நூலால் கட்டவும்.

கடைசிப் பரிந்துரைக்கு ஒரு பக்கவிளைவு உண்டு: புதுக் குக்கர் வாங்கக் காரணமே கிடைக்காமல் போகும். இண்டக்‌ஷன் வாங்கியே தீருவதென்று ஏற்கெனவே முடிவெடுத்துவிட்ட வீட்டார், கப்பை இன்றே ரவை டப்பாவில் போட்டுவிடலாம்.