மாட்யூல் மாமா

அமெரிக்காவில் பிரிட்ஜ்வாட்டர் என்றால் வெளியூர்த் தமிழருக்கு வெங்கடேஸ்வரர் கோயிலும் அதன் கேன்டீன் தோசையும். உள்ளூர்த் தமிழருக்கு மருந்துக் கம்பெனி. அம்னீல், இன்ஸ்மெட், பாஷ் ஹெல்த் எல்லாம் இங்கேதான். சனோஃபியும் பல வருடம் இருந்தது. இந்த வட்டாரத்தில் மருந்து கண்டுபிடிக்கிறவர்கள் கொஞ்சம் பேர். கண்டுபிடித்ததை எப்படி எழுதி வைக்க வேண்டும் என்று அவர்களுக்குப் பாடம் தயாரிக்கிறவர்கள் அதைவிட அதிகமோ என்று எனக்குச் சந்தேகம். அவர்களில் ஒருவர்தான் மாட்யூல் மாமா. ஒருவர் என்றது மரியாதைக்கு. ஞாயிற்றுக்கிழமை கேன்டீன் வரிசையில் முன்னால் ஒருவர் நிற்பார், பின்னால் ஒருவர் நிற்பார்.

என்ன வேலை என்று கேட்டால் “டேட்டா” என்பார். அதோடு விட்டுவிடுவது நல்லது. மேலே கேட்டால் “சயின்டிஃபிக் டேட்டா மேனேஜ்மென்ட் ட்ரெயினிங்” என்று ஆரம்பிப்பார். நம் டோக்கன் நம்பரைக் கூப்பிடும்வரை தப்ப முடியாது.

ஸ்லைடு தயாரிப்பதில் மாமாவுக்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. முதல் ஸ்லைடில் வெள்ளைக் கோட்டுப் பெண் ஒருத்தி குடுவையைத் தூக்கிப் பார்ப்பாள். உள்ளே நீலத் தண்ணீர். அது என்ன மருந்து என்று எந்த விஞ்ஞானியும் இதுவரை கேட்டதில்லை. இரண்டாம் ஸ்லைடில் ‘இந்தப் பாடத்தின் முடிவில் நீங்கள் அறிவது’. முடிவுவரை யாரும் வருவதில்லை என்பதால் இதிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். அப்புறம் காலட்சேபம் மாதிரிதான்: தத்துவம் கொஞ்சம், உபகதை நிறைய.

உபகதைகளில் வில்லன் பெரும்பாலும் எக்செல். செப்ட்2 என்று ஒரு மரபணு. அந்தப் பெயரை அடித்தால் எக்செல் அதைச் செப்டம்பர் 2 ஆக்கிவிடும். பல வருடம் போராடிய பிறகு, மரபணுவுக்குப் பெயர் வைக்கும் குழு தோல்வியை ஒப்புக்கொண்டு, செப்டின்2 என்று மரபணுவின் பெயரையே மாற்றிவிட்டதாக 2020-ல் அறிவித்தது. அதே வருடம் இங்கிலாந்தில் 15,841 கொரோனா நோயாளிகள் கணக்கிலிருந்து காணாமல் போனார்கள். பழைய எக்செல் கோப்பில் 65,536 வரிசைக்கு மேல் இடம் கிடையாது. மிஞ்சியவர்களை அது சத்தமில்லாமல் கழற்றிவிட்டது. எக்செல் சம்பந்தப்படாத கதை 1999-ல் செவ்வாய்க் கிரகத்தை நெருங்கிய நாசா விண்கலம். ஒரு கோஷ்டி பவுண்டில் கணக்குக் கொடுக்க, இன்னொரு கோஷ்டி அதை நியூட்டன் என்று எடுத்துக்கொள்ள, கலம் போயே போய்விட்டது. இந்த இடத்தில் மாமா சற்று நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

மாமா சொல்வது அத்தனையும் சரி. அதுதான் சங்கடமே.

அவருடைய மூல மந்திரம் ‘அல்கோவா’. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான எஃப்.டி.ஏ.யில் பிறந்த ஐந்தெழுத்து. யார் எழுதியது என்று தெரிய வேண்டும், படிக்கும்படி இருக்க வேண்டும், நடந்தபோதே எழுதியிருக்க வேண்டும், மூலப் பிரதியாக இருக்க வேண்டும், சரியாக இருக்க வேண்டும். அலுமினியக் கம்பெனி என்று நினைத்துப் பங்கு வாங்கலாமா என்று கேட்ட நண்பர் ஒருவருக்கு, கராஜில் நிற்க வைத்து முழு மாட்யூலையும் நடத்தியிருக்கிறார்.

ஆபீசில் யாரும் கேட்காத மந்திரத்தை வீட்டில் பிரயோகிப்பதில்தான் தகராறு. கும்பகோணத்திலிருந்து வந்திருந்த மாமியார், டாக்டருக்காகத் தினமும் ரத்த அழுத்தம் குறித்து வைக்க வேண்டும். ஞாயிறு ராத்திரி நோட்டு மாமா கைக்கு வந்தது.

“அம்மா, ஏழு நாளும் 130-க்கு 80. ஒரே பேனா, ஒரே சாய்வு. இதை ஒரே மூச்சில் உட்கார்ந்து எழுதியிருக்கிறீர்கள்.”

“மாப்பிள்ளை, ஒரு வீட்டில் எத்தனை பேனாதான் இருக்கும்?”

“அன்றன்றைக்கு எழுதினால்தான் அது டேட்டா.”

“என் ரத்தம், என் அழுத்தம். இன்றைக்கு ஏதாவது ஏறியிருந்தால் அது உங்களால்.”

திங்கட்கிழமை டாக்டர் நோட்டைப் பார்த்து ‘வெரி குட்’ என்றாராம். மாமா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

பொங்கல் பாட்லக்குக்கு யார் என்ன கொண்டுவருவது என்று ஒரு கூகுள் ஷீட் போட்டார்கள். ஒரு வீட்டார் தயிர்சாதம் என்று எழுதினார்கள். அடுத்த வீட்டார் கர்ட் ரைஸ் என்றார்கள். மூன்றாமவர் பகாளாபாத், நான்காமவர் வைஷ்ணவர், ஆகவே தத்தியோன்னம். பட்டியலில் நாலு அயிட்டம் இருக்கிறதென்று எல்லோரும் நிம்மதியாக இருந்துவிட்டோம். ஜனவரிக் குளிரில் நாலு அலுமினிய ட்ரே தயிர்சாதம்! மாமா அன்று சாப்பிடவே இல்லை. ஒவ்வொரு ட்ரேயையும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். ‘ஒரு பொருளுக்கு ஒரே பெயர்’ என்ற அவருடைய பாடத்துக்கு இப்படி ஒரு உதாரணம் இனி கிடைக்காது. மறு வருடம் ஷீட்டில் யாரும் எதையும் டைப் அடிக்க முடியாது. மாமா கொடுத்த பட்டியலிலிருந்து பொறுக்கத்தான் முடியும். சட்டென்று தோன்றி அதிரசம் சுட்டு வந்த ஒரு பெண்மணி ‘இதர’ என்ற பிரிவில் அடக்கப்பட்டார்.

தேதி விஷயத்தில் மாமாவிடம் விளையாடக்கூடாது. 04/05 என்று குழந்தையின் பிறந்தநாள் அழைப்பு வந்தால், சென்னைக்காரருக்கு அது மே 4, இந்த ஊர்க்காரருக்கு ஏப்ரல் 5. வருடம், மாதம், நாள் என்ற வரிசையில்தான் எழுத வேண்டும் என்று ஐ.எஸ்.ஓ. 8601 இருக்கிறதே என்பார். அழைப்பு அனுப்பியவர், “வரீங்களா, இல்லையா மாமா?” என்பார்.

இத்தனை பேருக்குப் பாடம் போடுகிறவர் பிறர் போட்ட பாடத்தை எப்படிப் படிக்கிறார் என்று ஒரு நாள் பார்க்க வாய்த்தது. வீட்டிலிருந்தே வேலை செய்யும் நாள். கம்ப்யூட்டர் பாதுகாப்பு பற்றி வேறு யாரோ ஒரு மாமா தயாரித்த மாட்யூல். ஒலியை அடைத்துவிட்டு, இடது கையில் காபி டம்ளர், வலது கையால் நெக்ஸ்ட், நெக்ஸ்ட், நெக்ஸ்ட். கடைசிக் கேள்விகளில் தோற்றுப்போய் மறுபடி எழுதினார். “கன்டென்ட் சுமார்” என்று எனக்கு விளக்கம் வேறு.

அதற்காக மாமாவின் மாட்யூலையும் அப்படித் தாண்டிவிடலாம் என்று நினைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். எந்த ஸ்லைடில் எத்தனை விநாடி இருந்தீர்கள் என்பதும் பதிவாகிறது. அந்தப் பதிவை உட்கார்ந்து முழுசாகப் படிக்கிற ஒரே ஆள் மாமாதான்.