பழைய புல்லட்டின் பின்ஷாக் தேர்வு: அம்பர்நாத் வட்டாரத்தை முன்வைத்து ஒரு முன்னோட்ட ஆய்வு

நெடுந்தூரம் ஓடிக் களைத்த பழைய மோட்டார்சைக்கிளில் பின்ஷாக் அப்சர்பர் செத்துவிட்டால் அதற்குப் பதிலாக எதைப் போடுவது என்ற வினா தமிழாய்வுலகில் உரிய இடத்தைப் பெறவில்லை. இதைவிடச் சின்ன விஷயங்களுக்கெல்லாம் முனைவர் பட்டம் கொடுத்தாகிவிட்டது. ஆகவே இக்கட்டுரை. ஆய்வின் எல்லை: பம்பாய்ப் புறநகரில் ஒரு பக்கம் உல்லாஸ்நகர், மறுபக்கம் பத்லாப்பூர். ஆய்வின் காலம்: ஜூன் முதல் செப்டம்பர் வரை, அதாவது சாலை என ஒன்று கண்ணுக்குத் தெரியாத பருவம். ஆய்வின் பயன்: ஆய்வாளருக்கு.

முதலில் தொன்மை. அம்பர்நாத் சிவன் கோவில் கல்வெட்டு சக ஆண்டு 982ஐச் சேர்ந்தது. நம் கணக்கில் கி.பி. 1060. சிலாஹார அரசர்கள் காலம். அக்கல்வெட்டில் ஷாக் அப்சர்பர் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எனவே அன்று சாலையில் குழியே இல்லை என்பது பெறப்படும். குறிப்பு இல்லாததையே சான்றாகக் காட்டுவது முறையா என்று கேட்போர், நம் பண்பாட்டு வரலாற்று நூல்கள் நான்கைப் புரட்டிவிட்டு வரவும்.

அடுத்து மூலபாடம். 1949இல் இங்கிலாந்தில் வந்த புல்லட்டுக்கே சுவிங் ஆர்மும் எண்ணெய் ஷாக்கும் இருந்தன. 1955இல் அதைச் செய்த ரெட்டிச் கம்பெனி மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்ததன் விளைவாகத் திருவொற்றியூரில் புல்லட் தமிழ்நாட்டு வண்டியானது. பிறகு நம்மவர்களைப் போலவே பிழைப்புத் தேடிப் பம்பாய்க்கு வந்தது. அவர்களுக்கு வந்த இடுப்புவலியே அதற்கும் வந்தது.

கோட்பாட்டுப் பின்புலம் இல்லாமல் கட்டுரையை எந்த இதழும் ஏற்காது. ஸ்பிரிங்கை எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு அது எதிர்த்து இழுக்கும் என்ற விதியை ராபர்ட் ஹூக் 1676இல் வெளியிட்டார். யாரும் திருடிவிடக் கூடாதென்று எழுத்துகளைக் கலைத்துப் போட்டு வெளியிட்டார். விடையை 1678இல் சொன்னார். எழுத்துகளைக் கலைத்துப் போட்டு வெளியிடும் வழக்கம் நம் ஆய்விதழ்களில் இன்றும் உண்டு. இரண்டு வருடம் கழித்தும் விடை வருவதில்லை என்பதே வேறுபாடு.

இனி வகைப்பாடு.

கம்பெனி ஒரிஜினல்: கிடைத்தால் வாங்கவும்.

இறக்குமதி, குறிப்பாக ஸ்வீடன் நாட்டு ஓலின்ஸ்: வண்டியை விற்றால் என்ன கிடைக்கும் என்று விசாரித்துவிட்டுப் பேசலாம்.

லோக்கல்: இதில் ‘யு.எஸ்.ஏ’ முத்திரையுள்ள உட்பிரிவு ஒன்று உண்டு. அம்மூன்றெழுத்தில் முதலெழுத்து உல்லாஸ்நகரைக் குறிக்கும் என்பது பம்பாயின் பழைய உரைமரபு (காண்க: ஸ்டேஷன் டீக்கடை வாய்மொழி, இரண்டாம் பெஞ்சு). இப்பிரிவின் பக்கவாட்டில் ஒரு சிவப்புக் குப்பி ஒட்டியிருக்கும். உண்மையான கேஸ் ஷாக்கில் நைட்ரஜன் அழுத்தம், எண்ணெய் நுரைக்காமல் காக்கிறது. இக்குப்பியில் இருப்பது காற்று. சிலவற்றில் நம்பிக்கை மட்டும்.

வேறு வண்டியின் ஷாக்: நன்னூல் பொருள்கோள் எட்டு என்கிறது. அவற்றுள் கொண்டுகூட்டு என்பது எங்கோ கிடக்கும் சொல்லை எடுத்துவந்து இங்கே பொருத்திப் பொருள் காண்பது. பல்சரின் ஷாக்கைப் புல்லட்டில் மாட்டும் மெக்கானிக் செய்வதும் இதுவே. எடை குறைந்த வண்டிக்கென்று செய்த ஸ்பிரிங், பின்னால் மனைவியும் கேரியரில் பெட்டியும் ஏறியதும் கீழே போய் இடித்துக்கொள்ளும். உரையாசிரியர் அப்படிப் பொருத்தினால் நயம் என்கிறோம். மெக்கானிக்கை மட்டும் ஏன் வைய வேண்டும்? (ஒப்பிடுக: கராஜ் சுவரில் கரிக்கட்டியால் எழுதிய கணக்கு, மேலிருந்து நான்காம் வரி, ஐந்தாம் வரி கிரீஸால் சிதைந்துள்ளது.)

இனி இவ்வாய்வின் உயிர்நாடியான பகுதி: அமுக்கிப் பார்த்தல்.

வண்டியை எங்கே நிறுத்தினாலும் ஒருவர் வருவார். கேட்க மாட்டார். சீட்டை அமுக்குவார். நிமிர்வார். “ஷாக்கு போச்சு” என்பார். இதைச் செய்பவர்களை மூன்று பள்ளிகளாகப் பிரிக்கலாம். இரு உள்ளங்கைகளையும் ஊன்றி முழு எடையையும் இறக்குவோர் உள்ளங்கையர். இது மூத்த பள்ளி. ஒரு கையில் டீ கிளாஸை வைத்துக்கொண்டு மறுகையால் அமுக்குவோர் ஒருகையர். கிளாஸ் தளும்பினால் ஷாக் போயிற்று, தளும்பாவிட்டால் ஷாக் இறுகிப் போயிற்று. சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டி மேல் ஏறி உட்கார்ந்து குதிப்போர் ஆசனவாதிகள். இவர்களுக்குத் தரவு நேரடியாகக் கிடைப்பதால் வாதம் செய்ய முடியாது. உள்ளூர் ஆர்டனன்ஸ் பாக்டரியில் ரிட்டயரான அண்ணாச்சிமார் பெரும்பாலும் முதல் பள்ளி. படைத் தளவாடம் செய்த கை என்பதால் அமுக்கலில் ஒரு அரசாங்கத் தோரணை இருக்கும். மூன்று பள்ளிகளும் பரம விரோதிகள். முடிவு மட்டும் ஒன்றே. ஷோரூமிலிருந்து அன்று காலை வந்த வண்டியை அமுக்கினாலும் “போச்சுல” என்பதே தீர்ப்பு. முடிவை முதலில் எழுதிவிட்டுத் தரவைப் பின்னர் தேடும் இம்முறையைப் பல்கலைக்கழகங்களிடமிருந்து அண்ணாச்சிமார் கற்றார்களா, மறுதலையா என்பது தனி ஆய்வுக்குரியது (மேலும் காண்க: ‘பத்லாப்பூர் சாலைக் குழிகளின் தோற்றமும் வளர்ச்சியும்’, தொகுதி இரண்டு, திருத்திய மழைக்காலப் பதிப்பு, பக்க எண் நீரில் கரைந்தது, பதிப்பாசிரியர் குழியிலிருந்து இன்னும் மேலே வரவில்லை, அணிந்துரை எழுதியவர் நூலைப் படிக்கவில்லை என்பதை அணிந்துரையே காட்டுகிறது).

எரிச்சல் என்னவென்றால், அமுக்குவதில் உண்மையும் உண்டு. ஸ்பிரிங் அதிர்ச்சியை விழுங்குவதில்லை. வாங்கி வைத்துத் திருப்பித் தருகிறது. உள்ளே பிஸ்டனின் சிறு துளைகள் வழியாக எண்ணெய் நெருங்கிப் போவதால்தான் அசைவு சூடாக மாறி அடங்குகிறது. சீல் போய் எண்ணெய் ஒழுகிவிட்டால் அடக்க ஆளில்லை. அமுக்கிவிட்டதும் ஒரே மூச்சில் மேலே வந்து நின்றால் ஷாக் உயிரோடிருக்கிறது. இரண்டு மூன்று முறை ஆடினால் இல்லை. ராடில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அமுக்கவே வேண்டாம். ஆனால் கவனியுங்கள், இத்தனையையும் பார்ப்பதற்குள் உள்ளங்கையர் தீர்ப்புச் சொல்லிவிட்டு டீக்கு நகர்ந்திருப்பார்.

இன்னொரு சர்ச்சை, படிப்படியாக உள்ள வளையத்தைத் திருகி ஸ்பிரிங்கை ‘டைட்’ செய்வது. திருகுவதால் ஸ்பிரிங்கின் பலம் கூடாது. பின்பக்கம் உயர்ந்து நிற்கும், அவ்வளவே. அம்பர்நாத்தில் இதைச் சொல்லி நண்பர்களை இழக்கலாம்.

ஊருக்குப் போகிறவருக்கு இது விளையாட்டில்லை. புனே, கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூர், சேலம், மதுரை என்று திருநெல்வேலி வரை ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். அந்தத் தூரத்துக்கு நிறமோ குப்பியோ உதவாது. மேல் துளையின் மையத்திலிருந்து கீழ்த் துளையின் மையம் வரை நீளம் எவ்வளவு, புஷ்ஷின் துளை எவ்வளவு என்ற இரண்டு அளவுகள் சரியாக வேண்டும். நீளம் கூடினால் சென்டர் ஸ்டாண்டு போட்ட பிறகும் பின்சக்கரம் தரையைத் தொடும், ஹேண்டில் லேசாகிவிடும். குறைந்தால் டயர் மட்காடைத் தேடிப் போகும். பெட்டியோடும் ஆளோடும் உட்காரும்போது ஷாக்கின் மொத்த ஓட்டத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் இறங்கினால் ஸ்பிரிங் பொருத்தம்.

ஆகவே வாசகர் பழைய ஷாக்கைக் கழற்றிக் கையோடு கடைக்குக் கொண்டுபோகவும். ஒன்று ஒழுகினாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றவும். ஒன்று போதும் என்று கடைக்காரர் சொன்னால் அடுத்த கடைக்குப் போகவும். மற்றபடி, அம்பர்நாத் கிழக்கில் நிற்கும் என் வண்டியை இனி யாரும் அமுக்கிப் பார்க்க வேண்டாம். ஷாக் போச்சு என்று எனக்குத் தெரியும்.