வுல்வரின் எந்தப் படியில் நிற்பது?

அனுப்புநர்:
பொம்மை சேர்ப்பவன் ஒருவன்,
சென்னை.

பெறுநர்:
மாண்புமிகு அமெரிக்கப் பன்னாட்டு வணிக நீதிமன்றம்,
நியூயார்க்.

பொருள்: கொலுவில் வுல்வரினை நிறுத்த வேண்டிய படி குறித்துத் தெளிவுரை கோருதல் – தொடர்பாக.

பார்வை: டாய் பிஸ் நிறுவனம் எதிர் அமெரிக்க அரசு வழக்கில் தங்கள் தீர்ப்பு, நாள் 03.01.2003.

மாண்புமிகு நீதிமன்றத்தாருக்கு வணக்கம்.

பார்வையில் கண்ட தீர்ப்பு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. மேல்முறையீட்டுக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது, நான் அந்த வழக்கில் வாதியுமில்லை பிரதிவாதியுமில்லை என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் சிக்கல் எங்கள் வீட்டுக்குப் போன நவராத்திரியில்தான் வந்து சேர்ந்தது.

எங்கள் அத்தை ஆண்டுதோறும் ஏழு படி கொலு வைப்பவர். கொலு என்றால் என்னவென்று தங்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. தாங்கள் வைத்திருக்கும் சுங்கவரி அட்டவணையேதான் அது, வெள்ளை வேட்டி விரித்தது. கீழே செடிகொடி, அதற்கு மேல் நத்தை சங்கு, பிறகு எறும்பு, வண்டு, விலங்கு, பறவை. நடுவில் மனிதர்கள். அவர்களுக்கு மேல் முனிவர்கள், உச்சியில் தெய்வங்கள். ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை வகை பிரித்துத் தொல்காப்பிய மரபியல் எப்போதோ எழுதி வைத்துவிட்டது. வரி விகிதம் ஒன்றுதான் போடவில்லை.

போன ஆண்டு கீழே பூங்கா கட்டினோம். பூங்காவில் நடமாட ஆள் போதவில்லை. "உன் அலமாரியில சும்மா நிக்கிறானுங்களே, அவனுங்களக் கொண்டா" என்றார் அத்தை. முப்பது ஆண்டுச் சேகரிப்பு அது. பெட்டி பிரிக்காததைத் தொடக் கூடாது என்று கெஞ்சிக் கூத்தாடி, பிரித்ததில் ஒரு டஜனை மட்டும் கொடுத்தேன். முதலில் அவர் கைக்குப் போனவர் எக்ஸ்-மென் நாயகர்களில் ஒருவரான வுல்வரின். 1994இல் சிகாகோவிலிருந்து மாமா வாங்கி வந்தது, என் முதல் ஆக்‌ஷன் ஃபிகர். அத்தை அவரை மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்து, கைக்கு மூன்றாக நீண்டிருந்த நகங்களைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இது மனுசனாடா, மிருகமா? எந்தப் படியில வைக்க?"

இந்தக் கேள்விக்கு முத்திரை குத்தி விடை சொன்ன நீதிமன்றம் எனக்குத் தெரிந்து தங்களுடையது ஒன்றுதான். அதனால்தான் இந்த மனு.

கோப்பு அலமாரியின் அடியில் போயிருக்கலாம் என்பதால் நினைவூட்டுகிறேன். எக்ஸ்-மென், ஸ்பைடர்-மேன், ஃபென்டாஸ்டிக் ஃபோர் பொம்மைகளை வெளிநாட்டில் செய்து டாய் பிஸ் நிறுவனம் அமெரிக்காவில் இறக்கியது. அன்றைய அட்டவணைப்படி மனிதரை மட்டுமே உருவகிப்பது 'டால்'. வரி 12 சதவீதம். விலங்கு, பூதம், எந்திரம் என மனிதரல்லாத எதுவானாலும் 'டாய்', 6.8 சதவீதம். தமிழில் இரண்டுக்கும் பொம்மைதான். இந்த வழக்கு எங்கள் மொழியில் நடந்திருந்தால் வக்கீல்கள் முதல் வாய்தாவிலேயே வீட்டுக்குப் போயிருப்பார்கள். சுங்கத்துறை 12 கேட்டது. எங்கள் ஆட்கள் மனிதர்களே அல்ல என்று நிறுவனம் தங்களிடம் வந்தது.

நீதிபதி ஜூடித் பார்ஸிலே அறுபதுக்கும் மேற்பட்ட பிளாஸ்டிக் ஆட்களை வரிசையாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். சில பொம்மைகளின் உடையைக் களைந்தும் பார்க்க வேண்டியிருந்ததாம். இதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. இதே வேலையை ராத்திரி பன்னிரண்டு மணிக்கு டேபிள் லைட் வெளிச்சத்தில் நான் செய்தால், "வயசு என்ன ஆச்சு உங்களுக்கு" என்கிறார் என் மனைவி. சம்பளம் வாங்கிக்கொண்டு கறுப்பு அங்கியில் செய்தால் அதன் பெயர் விசாரணை. வுல்வரினின் நகமும் ஓநாய் முடியும் சாட்சியாக ஏறின. அவரைப் போன்ற மியூட்டன்ட்கள் மனிதரல்லாத உயிரிகள் என்று தீர்ப்பாயிற்று. நிறுவனத்துக்கு மிச்சம் 5.2 சதவீதம், நூறு டாலர் சரக்குக்கு ஐந்து டாலர் இருபது சென்ட்.

இனி என் முதல் மனக்குறை. எக்ஸ்-மென் கதையைத் தாங்கள் படித்திருக்கிறீர்களா? 1963இல் ஸ்டான் லீயும் ஜாக் கர்பியும் தொடங்கியது. அதில் சண்டை நிறைய உண்டு, ஆனால் விஷயம் ஒன்றே ஒன்று. மியூட்டன்ட்கள் எனப்படும், பிறவியிலேயே வேறாக இருக்கும் சிலரைப் பார்த்து மற்றவர்கள், "இதுகள் மனிதர்தானா?" என்று கேட்கிறார்கள். கேட்டதோடு நிற்காமல் வேட்டையாட சென்டினல் என்ற ராட்சத எந்திரங்களைச் செய்கிறார்கள். 2000இல் வந்த முதல் படம் 1944ஆம் ஆண்டுப் போலந்தில், மழையில், ஒரு வதைமுகாமின் இரும்புக் கதவருகே தொடங்குகிறது. அங்கே பெற்றோரிடமிருந்து பிரிக்கப்படும் சிறுவன்தான் பிற்பாடு எக்ஸ்-மென்னின் எதிரியாகும் மேக்னீட்டோ. கொஞ்ச நேரத்தில் கதை அமெரிக்க செனட்டுக்குத் தாவுகிறது. மியூட்டன்ட்களையெல்லாம் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று செனட்டர் கெல்லி முழங்குகிறார். அவர் வில்லன் என்பது ஆறாம் வகுப்புப் பையனுக்குக்கூடப் புரியும்.

அந்தக் கெல்லியின் வாதத்தைத் தங்கள் முன்னால் வைத்தது யார்? பெற்ற வீடு. டாய் பிஸ் 1998இலேயே எக்ஸ்-மென் கதைகளை வெளியிடும் மார்வெலோடு ஒன்றாகிவிட்டது. "இவர்களும் நம்மைப் போன்றவர்களே" என்று நாற்பது ஆண்டுகளாக எங்களுக்கு மாதாமாதம் விற்ற குடும்பம், வரிச்சீட்டைப் பார்த்ததும் "எங்கள் பிள்ளைகள் மனிதர்களே இல்லை எசமான்" என்றது. அதைவிட வேடிக்கை எதிர்ப்பக்கம். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து எக்ஸ்-மென்னின் ஆசான் பேராசிரியர் சேவியர் கண்ட கனவே, என்றைக்காவது ஓர் அரசாங்க வக்கீல் எழுந்து நின்று மியூட்டன்ட்களும் மனிதர்களே என்று சொல்ல மாட்டாரா என்பதுதான். எழுந்தார். சொன்னார். தோற்றார். கூடுதல் வரிக்காகச் சொன்னார் என்றாலும் சொன்னது சொன்னதுதான்.

தீர்ப்பைக் கேட்டு ரசிகர்கள் கொதித்தார்கள். அப்போது எக்ஸ்-மென் கதை எழுதிக்கொண்டிருந்த சக் ஆஸ்டனுக்கே பொறுக்கவில்லை. அவர் அதுவரை பாடுபட்டதெல்லாம் அந்தப் பாத்திரங்கள் மனிதர்கள் என்று காட்டத்தான். உடனே மார்வெல் ஆறுதல் சொன்னது: நம் நாயகர்கள் உயிரும் மூச்சும் உள்ள மனிதர்களே, கொஞ்சம் அபூர்வ ஆற்றல் உள்ளவர்கள், அவ்வளவுதான் என்று. பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுவது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். தொட்டிலுக்கும் வரி உண்டா என்று தெரியவில்லை.

தங்கள் முன்தீர்ப்பு ஒன்றும் எனக்கு மண்டையைக் குடைகிறது. 1964இல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ஜி.ஐ. ஜோ சிப்பாயைக் கொண்டுவந்தபோது, பையன்கள் 'டால்' வைத்து விளையாட மாட்டார்கள் என்ற பயத்தில்தான் 'ஆக்‌ஷன் ஃபிகர்' என்ற பேரே பிறந்தது. 1988இல் தாங்கள் அதெல்லாம் கிடையாது, அவன் டால்தான் என்றீர்கள். அடுத்த ஆண்டு மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. ஆக, துப்பாக்கியால் சுடுகிறவன் மனிதன், நகத்தால் கீறுகிறவன் அல்லன். ஆயுதம் கைக்கு வெளியே இருந்தால் 12, கைக்குள்ளே இருந்தால் 6.8.

இந்த அளவுகோலை வைத்து என் அலமாரியை மறுபடி அடுக்கலாம் என்று உட்கார்ந்தேன், விடிந்துவிட்டது. 1977 கதை தங்களுக்குத் தெரிந்திருக்கும். ஸ்டார் வார்ஸ் மே மாதம் வந்தது. கென்னர் நிறுவனத்திடம் கிறிஸ்துமஸுக்குப் பொம்மை தயாரில்லை. வெறும் அட்டையை உறையில் போட்டு, உள்ளே ஒரு சான்றிதழ் வைத்து விற்றார்கள். அதை அனுப்பி வைத்தால் அடுத்த ஆண்டு தபாலில் நான்கு பொம்மை வரும். அமெரிக்கப் பிள்ளைகள் கிறிஸ்துமஸ் மரத்தடியில் காலி அட்டையைப் பிரித்துப் பார்த்துச் சிரித்தார்கள். பக்தி என்றால் அது. அந்த நான்கு பேர் யார்? லூக், லேயா, சூபாக்கா, ஆர்2-டி2. தங்கள் கணக்கில் அண்ணன் தங்கைக்கு 12, ரோமக்காரனுக்கும் தகர டப்பாவுக்கும் 6.8. ஒரே உறையில் வந்த நண்பர்களைத் துறைமுகத்திலேயே பிரித்துவிட்டீர்கள்.

ஸ்டார் டிரெக் தொடரின் ஸ்போக்குக்கு அப்பா வல்கன் கிரகத்தவர், அம்மா மனுஷி. சராசரி போட்டு 9.4 கட்டலாமா? டார்த் வேடர் பாதி எந்திரம், ஆனால் தலைக்கவசம் கழற்றும் வசதியுள்ள பொம்மைகள் உண்டு. உள்ளே வெளிறிப்போன ஒரு கிழவர் முகம். மூடிய நிலையில் இறக்கினால் ஒரு வரி, வழியில் காற்றுக்குக் கழன்று விழுந்தால் இன்னொரு வரியா? (தலைக்கவசம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஸ்டார்ம்ட்ரூப்பரின் தலைக்கவசம் சிற்பம் ஆகாது என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்புச் சொன்னது. அட்லாண்டிக்கின் இரு கரையிலும் நீதிமான்கள் எங்கள் அலமாரியைத்தான் கிளறிக்கொண்டிருக்கிறார்கள்.)

டேட்டா என்ற ஆண்ட்ராய்டு ஸ்டார்ஃப்ளீட்டின் உடைமையா இல்லையா என்று 1989இல் ஸ்டார் டிரெக் தொடரில் ஒரு விசாரணை நடந்தது. அதில் எதிர்த்து வாதாடியவர் எல்லார் முன்னாலும் டேட்டாவின் கையையே கழற்றிக் காட்டினார்; தாங்கள் உடையோடு நிறுத்திக்கொண்டதைப் பாராட்டுகிறேன். அங்கே தீர்ப்பு டேட்டாவின் பக்கம். எங்கள் ஊர் ரோபோ சிட்டிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 2010இல் வந்த 'எந்திரன்' படத்தில் கோர்ட் சொன்னதும் தன் கையாலேயே தன்னைக் கழற்றிப் போட்டது. தான் மனிதனில்லை என்று அதுவும் ஒப்புக்கொண்டது, ஆனால் வரிச்சலுகை கேட்டு அல்ல.

தங்கள் அட்டவணையில் இன்று அந்த வேறுபாடே இல்லை என்று அறிகிறேன். 2007இல் உலகச் சுங்க வகைப்பாட்டில் டாலும் டாயும் 9503 என்ற ஒரே தலைப்புக்குள் வந்துவிட்டன. சேவியர் பள்ளிக்கூடம் கட்டிச் சாதிக்காததை ஒரு நான்கு இலக்க எண் சாதித்தது. எங்கள் நாட்டில் அந்தச் சமத்துவம் இன்னும் முழுமையானது: அடிப்படைச் சுங்கவரி 2020இல் 20இலிருந்து 60 ஆயிற்று, 2023இல் 70. மனிதனா பூதமா என்று இங்கே யாரும் கேட்பதில்லை.

இதையெல்லாம் அத்தைக்கு விளக்கினேன். கொலுப்படி ஓரத்தில் உட்கார்ந்து சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டே கேட்டார். 

"துணியக் கழட்டிப் பாத்துமா அந்தம்மாவுக்குத் தெரியல?" 

பிளாஸ்டிக் அத்தை, ஒன்றும் தெரியாது என்றேன். தீர்ப்பின் தர்க்கத்தைச் சொன்னேன்: உடம்பில் மனிதருக்கு இல்லாத ஏதாவது தூக்கலாகத் தெரிந்தால் மனிதக் கணக்கில் வராது. அத்தை துருவுவதை நிறுத்தினார். 

"அப்ப இந்தச் செட்டியார்?"

கடை பரப்பி உட்கார்ந்திருக்கும் செட்டியார் பொம்மையின் தொந்தி அவர் காலைத் தாண்டி வழிந்திருந்தது. அந்த அளவு தொந்தி தங்கள் மேசைக்கு வந்திருந்தால் 6.8தான். தஞ்சாவூர்த் தலையாட்டிக்குக் காலே கிடையாது. மேலே ராவணனுக்குத் தலை ஒன்பது அதிகம். அதற்கும் மேலே நரசிம்மர். மனிதனாலும் சாவில்லை, மிருகத்தாலும் சாவில்லை, உள்ளேயும் இல்லை வெளியேயும் இல்லை, ஆயுதத்தாலும் இல்லை என்று இரணியன் வாங்கிய வரத்தில் பொந்து கண்டுபிடித்து, வாசற்படியில் வைத்து நகத்தால் முடித்தவர். சுங்க வழக்கறிஞர்களின் குலதெய்வம் என்றே சொல்லலாம். அவரை எந்தத் தலைப்பில் இறக்குவீர்கள் என்று கேட்க எனக்குப் பயம், தங்களுக்கும் இருக்கும்.

அத்தை ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வுல்வரினை எடுத்தார். மனிதர் படியில், செட்டியார் கடை முன்னால், அரிசி பருப்புக் கிண்ணங்களைப் பார்த்தபடி நிறுத்தினார். 

"நகம் வெட்டிவிட ஆளில்ல பாவம். செட்டியாரும் மூணு நாளா ஈ ஓட்டுறாரு. ஒருத்தனாவது சாமான் வாங்கட்டும்." 

கொலு முடியும் வரை வுல்வரின் அங்கேயே நின்றார். கொலு பார்க்க வந்த பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்று மட்டும், "இந்த அங்கிள் கையில ஃபோர்க் எதுக்கு?" என்று கேட்டது. அங்கிள் என்றது என்பதைத் தங்கள் பதிவுக்காகக் குறிப்பிடுகிறேன்.

விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைப்பது எங்கள் வழக்கம். எப்போதும் மரப்பாச்சிதான் படுக்கும். போன ஆண்டு அத்தை வுல்வரினைப் படுக்க வைத்தார். எத்தனை வருஷமாச் சண்டை போடறானோ, தூங்கட்டும் என்றார். நகம் வேட்டியைக் கிழித்துவிடாமல் கைக்கடியில் ஒரு கைக்குட்டையை மடித்து வைத்தார்.

ஆகவே மாண்புமிகு நீதிமன்றத்தார், அடுத்த நவராத்திரிக்குள் மேற்படி விவகாரத்தில் தெளிவுரை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வீட்டுத் தீர்ப்புப்படி அவர் மனிதர் என்று ஆகிவிட்டதால், 1994ஆம் ஆண்டுச் சரக்கில் ஒரு வுல்வரினுக்கு உரிய 5.2 சதவீத வித்தியாசத் தொகை அமெரிக்க அரசுக்கு நிலுவையில் இருக்கிறது. சில சென்ட்தான் வரும். சில்லறையாக அனுப்பலாமா, தபால்தலையாக ஒட்டி அனுப்ப வேண்டுமா என்பதையும் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்.

இணைப்பு: கொலுப் புகைப்படம் ஒன்று. (நான்காம் படி, இடமிருந்து மூன்றாவது. செட்டியாருக்குப் பக்கத்தில்.)