எந்தக் கட்சிக்காரர்?

கேள்வி: பேப்பரில் அடிக்கடி பி.பி., பி.பி. என்று வருகிறதே, யார் அவர்?
(இல்லத்தரசி, பெசன்ட் நகர்)

பப்ளிக் பிராசிக்யூட்டர். கொலை, கொள்ளை, லஞ்ச வழக்குகளில் அரசுத் தரப்பில் நின்று வாதாடுபவர். நீங்கள் மாத்திரை போடுகிற பி.பி. வேறு. ஆனாலும் ஓர் ஒற்றுமை உண்டு: தேர்தல் ரிசல்ட் அன்றைக்கு இரண்டும் எகிறும்.

கேள்வி: ஆட்சி மாறினால் மந்திரிகள் மாறுவது சரி. அரசு வக்கீல்கள் ஏன் கூண்டோடு மாறுகிறார்கள்?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், மந்தைவெளி)

எனக்குத் தெரிந்த மயிலாப்பூர் வக்கீல் ஒருவர் வாசலுக்குப் பெயர்ப்பலகை எழுதக் கொடுத்தார். ‘அரசு வழக்கறிஞர்’ என்பதற்கு முன்னால் நாலு எழுத்துக்கு இடம் விட்டு எழுதப்பா என்று போர்டு எழுதுகிறவரிடம் சொன்னார். அடுத்த தேர்தல் முடிந்ததும் அந்த இடத்தில் ‘முன்னாள்’ கச்சிதமாக உட்கார்ந்தது.

கோர்ட்டில் கட்சிக்காரர் என்றால் வழக்கைக் கொண்டுவருகிறவர். கோட்டையில் கட்சிக்காரர் என்றால் கொடி பிடிக்கிறவர். ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருப்பது தமிழின் வளம்தான். அரசு வக்கீல் நியமனத்தில் மட்டும் அது வினையாகிவிடுகிறது.

மாநிலத்தின் தலைமை வழக்கறிஞரான அட்வகேட் ஜெனரல் விஷயத்தில் ஒளிவுமறைவே கிடையாது. அரசியல் சட்டத்தின் 165-வது பிரிவுப்படி அவர் கவர்னருக்கு விருப்பம் உள்ளவரை இருப்பார். கவர்னர் என்றால் நடைமுறையில் மந்திரிசபை. 1948 வரைவுச் சட்டத்தில் இன்னும் பச்சையாகவே எழுதியிருந்தார்கள்: முதல்வர் ராஜினாமா செய்தால் அட்வகேட் ஜெனரலும் ஓய்வுபெற வேண்டும் என்று. பிறகு அந்த வரி போய்விட்டது, பழக்கம் மட்டும் போகவில்லை. அந்த வரைவுக் குழுவில் இருந்தவர்களில் ஒருவர் லஸ் சர்ச் ரோடு அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். அவரே 1929 முதல் 1944 வரை சென்னை மாகாணத்துக்கு அட்வகேட் ஜெனரலாக இருந்தவர். பதினைந்து வருஷம்! இன்றைக்கு ஐந்து வருஷம் முழுசாக உட்கார்ந்தாலே திருஷ்டி சுற்றிப் போட வேண்டும்.

கேள்வி: அப்படியென்றால் அரசு வக்கீலை நீக்குவது அரசின் உரிமைதானே? இதில் குறை சொல்ல என்ன இருக்கிறது?
(சட்டக் கல்லூரி மாணவி, அடையாறு)

அட்வகேட் ஜெனரல் அரசின் வக்கீல். பி.பி. அப்படியில்லை. அரசு சம்பளம் தந்தாலும் அவர் கோர்ட்டுக்கும் பொதுமக்களுக்கும் கடமைப்பட்டவர். தண்டனை வாங்கித் தருவதல்ல, உண்மையை கோர்ட் முன்னால் வைப்பதுதான் அவர் வேலை. அதனால்தான் ஹைகோர்ட் பி.பி.யை நியமிக்க ஹைகோர்ட்டைக் கலந்துகொள்ள வேண்டும் என்றும், மாவட்டத்தில் செஷன்ஸ் ஜட்ஜிடம் கேட்டு கலெக்டர் பட்டியல் தயாரிக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 24-வது பிரிவு. 2024 ஜூலை முதல் வந்துள்ள புதுச் சட்டத்தில் 18. நியமிக்க இத்தனை சடங்கு வைத்தவர்கள், நீக்குவது எப்படி என்று ஒரு வரிகூட எழுதவில்லை. கல்யாணத்துக்கு ஜாதகம் பார்த்தவர்கள் விவாகரத்தை யோசிக்கவில்லை.

1990 பிப்ரவரியில் உத்தரப் பிரதேச அரசு ஒரே சுற்றறிக்கையில் அத்தனை மாவட்டங்களின் அரசு வக்கீல்களையும் வீட்டுக்கு அனுப்பியது. யார் நன்றாக வேலை செய்தார், யார் செய்யவில்லை என்ற பேச்சே இல்லை. ஸ்ரீலேகா வித்யார்த்தி வழக்கில் சுப்ரீம் கோர்ட் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. ஒப்பந்தப் பதவியாகவே இருந்தாலும், அரசு இஷ்டத்துக்கு ஆட முடியாது, சமத்துவம் பேசும் 14-வது பிரிவு இங்கேயும் உண்டு என்றது. ஆனால் 2004-ல் ஜோஹ்ரி மல் வழக்கில் அதே கோர்ட், பதவிக்காலம் முடிந்தவர் ‘மறுபடி என்னையே போடு’ என்று உரிமை கொண்டாட முடியாது என்றது. பரீட்சைக்கு இரண்டையும் சேர்த்தே படியுங்கள்.

கேள்வி: ‘எனக்கு எதிராக வாதாட இந்த பி.பி.தான் வேண்டும்’ என்று குற்றம் சாட்டப்பட்டவரே கேட்ட கதை உண்டா?
(ஜவுளிக்கடை ஊழியர், தி.நகர்)

உண்டு. உங்கள் கடையிலிருந்து போயஸ் கார்டன் கூப்பிடு தூரம்தானே!

ஜெயலலிதாவின் சொத்துக்குவிப்பு வழக்கு சென்னையில் நடந்துகொண்டிருந்தது. ஏறத்தாழ சாட்சிகள் எல்லாரையும் விசாரித்து முடித்த நேரத்தில், 2001 மே மாதம் ஆட்சி மாறி ஜெயலலிதாவே முதல்வரானார். அரசுத் தரப்பு வக்கீல் மாறினார். அதற்கப்புறம் 76 சாட்சிகளை மறுபடி கூண்டில் ஏற்றினார்கள். அதில் 64 பேர் முன்பு சொன்னதிலிருந்து பின்வாங்கினார்கள். பிறழ் சாட்சி என்று அறிவிக்கச் சொல்லி எழுந்து நிற்க வேண்டிய அரசு வக்கீல் எழுந்திருக்கவில்லை.

இன்னொன்று. சாட்சியம் முடிந்ததும் குற்றம் சாட்டப்பட்டவரிடம் ஜட்ஜே கேள்வி கேட்க வேண்டும். நேரில் வர முடியாது என்று மனுப் போட்டார்கள், அரசுத் தரப்பு ஆட்சேபிக்கவில்லை. கோர்ட் ஊழியர் கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போய் பதில் வாங்கி வந்தார். நானும் வருஷக்கணக்காக இந்தப் பகுதியை எழுதுகிறேன், இப்படியொரு கேள்வி-பதில் எனக்கு வாய்க்கவில்லை.

இதையெல்லாம் பட்டியல் போட்டு தி.மு.க.வின் க.அன்பழகன் சுப்ரீம் கோர்ட் போனார். 2003 நவம்பரில் வழக்கு பெங்களூருக்கு மாற்றப்பட்டது. காரணம் ரொம்ப எளிமை: வழக்கு நடத்துகிற அரசுக்குத் தலைவரே குற்றம் சாட்டப்பட்டவராக இருந்தால், அரசு வக்கீல் யாரைப் பார்த்து வாதாடுவார்?

நீங்கள் கேட்ட கட்டம் இனிமேல்தான். 2013 தொடக்கத்தில் கர்நாடகத்தின் பா.ஜ.க. அரசு பவானி சிங்கை பி.பி.யாக நியமித்தது. மே மாதம் அங்கே காங்கிரஸ் வந்தது. ஆகஸ்டில் அவர் நியமனத்தை வாபஸ் வாங்கியது. உடனே சுப்ரீம் கோர்ட்டுக்கு ஓடியவர் பவானி சிங் அல்ல. ஜெயலலிதா! பவானி சிங் நீடிக்க வேண்டும், ஓய்வுபெறப் போகும் ஜட்ஜும் நீடிக்க வேண்டும் என்று கேட்டார். செப்டம்பர் 30-ந் தேதி பி.பி.யை நீக்கிய உத்தரவு ரத்தானது. அதே நாளில் ஜட்ஜ் ஓய்வுபெற்றார். கேட்ட பி.பி. கிடைத்தார், ஜட்ஜ் மாறினார். புதிதாக வந்த ஜான் மைக்கேல் டி’குன்ஹா 2014 செப்டம்பர் 27-ல் நாலு வருஷம் சிறை, 100 கோடி ரூபாய் அபராதம் என்று தீர்ப்பு எழுதினார்.

அப்பீலில் அதே பவானி சிங்கை இந்த முறை தமிழக அரசு நியமித்தது. அந்த அதிகாரம் கர்நாடகத்துக்குத்தான், தமிழகத்துக்கு இல்லை என்று 2015 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் சொன்னபோது வாதங்கள் முடிந்துவிட்டிருந்தன. கர்நாடகத்துக்கு எழுத்துப்பூர்வமாக வாதம் தர மட்டும் வாய்ப்பு கிடைத்தது. மே 11-ல் விடுதலை. 2017 பிப்ரவரி 14-ல் சுப்ரீம் கோர்ட் அந்த விடுதலையை ரத்து செய்தபோது ஜெயலலிதா உயிருடன் இல்லை.

கேள்வி: இதிலெல்லாம் சட்டசபை எங்கே போயிற்று?
(முன்னாள் வங்கி மேலாளர், ஆழ்வார்பேட்டை)

கேன்டீனுக்கு.

கோபிக்காதீர்கள், முழுப் பதிலும் தருகிறேன். அமெரிக்காவில் 2006 டிசம்பர் 7-ந் தேதி ஒரே நாளில் ஏழு அரசு வழக்கறிஞர்களை புஷ் அரசு வெளியேறச் சொன்னது. அங்கே அவர்கள் அதிபர் இருக்கச் சொல்லும்வரை இருக்கிறவர்கள்தான். நீக்கியது சட்டப்படி குற்றமில்லை. ஆனால் ‘ஏன் நீக்கினாய்?’ என்று கேட்க அங்கே பார்லிமென்டான காங்கிரஸின் கமிட்டிகள் இருந்தன. அட்டர்னி ஜெனரல் ஆல்பர்டோ கொன்சாலஸைக் கூப்பிட்டு உட்கார வைத்து மணிக்கணக்கில் கேட்டார்கள். மனுஷர் நினைவில்லை, நினைவில்லை என்று பல தடவை சொன்னார். 2007 ஆகஸ்டில் ராஜினாமாவை அறிவித்தார்.

பிரிட்டனில் இதைவிடப் பெரிய கூத்து. 1924-ல் கம்யூனிஸ்ட் பத்திரிகை ஆசிரியர் கேம்ப்பெல் மீது போட்ட வழக்கை மக்டொனால்டின் தொழிற்கட்சி அரசு வாபஸ் வாங்கியது. கட்சி நெருக்கடிக்குப் பணிந்து வாங்கியதா என்று விசாரிக்க வேண்டும் என்று பார்லிமென்ட் ஓட்டுப் போட்டது. ஆட்சியே கவிழ்ந்தது.

நம் சட்டசபையில் கேள்வி நேரம் உண்டு, மானியக் கோரிக்கை உண்டு, வெட்டுத் தீர்மானம் உண்டு. 177-வது பிரிவுப்படி அட்வகேட் ஜெனரல் சபைக்கு வந்து பேசலாம், ஓட்டு மட்டும் கிடையாது. ஆனால் அரசு வக்கீல் நியமனம் என்று வாயைத் திறந்தால் ‘விஷயம் கோர்ட்டில் இருக்கிறது’ என்று உட்கார வைக்கலாம். கோர்ட்டில் இல்லாத அரசு வக்கீல் விஷயம் ஏது? எதிர்க்கட்சியும் ரொம்ப மல்லுக்கட்டாது. அடுத்த முறை பட்டியல் போடப்போவது அவர்கள்தானே!

கொஞ்சம் உருப்படியான வழி கணக்குத் தணிக்கை. ஹரியானாவில் தேவை என்ன என்று பார்க்காமலே சட்ட அதிகாரிகளை அள்ளிப் போட்டதை சி.ஏ.ஜி. சுட்டிக்காட்டியது. 2016-ல் சஹால் வழக்கில் சுப்ரீம் கோர்ட் அதைக் கையில் எடுத்துக்கொண்டு, பஞ்சாபும் ஹரியானாவும் முதலில் எத்தனை பேர் தேவை என்று கணக்கிடட்டும், பிறகு தகுதி பார்த்து எடுக்கட்டும் என்றது. சி.ஏ.ஜி. அறிக்கை போய்ச் சேர வேண்டிய இடம் சட்டசபை. அதை எடுத்துப் படித்தது கோர்ட்.

கேள்வி: பி.பி. நினைத்தால் வழக்கையே வாபஸ் வாங்கலாமாமே?
(ஆட்டோ ஓட்டுநர், திருவான்மியூர்)

ஜட்ஜ் சம்மதிக்க வேண்டும். அதைவிட முக்கியம், பி.பி. சொந்தமாக யோசித்து முடிவெடுத்திருக்க வேண்டும். 2000-ல் நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்தியபோது, அவன் கேட்டபடி தடா கைதிகளை விட கர்நாடக பி.பி. மனுப் போட்டார். வீரப்பனால் கொல்லப்பட்ட ஒரு எஸ்.ஐ.யின் தந்தை சுப்ரீம் கோர்ட் போய் அதை நிறுத்தினார். பி.பி. தானாக யோசித்ததாகத் தெரியவில்லை என்றது கோர்ட். அரசாங்கம் காட்டைப் பார்த்தது, பி.பி. அரசாங்கத்தைப் பார்த்தார். கைதிகள் வெளியே வராமலே ராஜ்குமார் 108-வது நாளில் திரும்பி வந்தார்.

கேள்வி: சட்டசபைக்குள்ளேயே நடந்த குற்றம் என்றால்?
(கல்லூரி மாணவர், கோட்டூர்புரம்)

2015 மார்ச் 13. கேரளத்தில் நிதி மந்திரி கே.எம்.மாணி பட்ஜெட் படிக்க வந்தார். எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.க்கள் சபாநாயகர் மேடையில் ஏறி நாற்காலி, கம்ப்யூட்டர், மைக் எல்லாவற்றையும் துவம்சம் செய்தார்கள். சேதம் இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல். பிறகு அவர்களே ஆட்சிக்கு வந்து, வழக்கை வாபஸ் வாங்க பி.பி.யை அனுப்பினார்கள். 2021 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் முடியாது என்றது. பேச்சுக்குத்தான் சட்டசபையில் பாதுகாப்பு, நாற்காலி வீசுவதற்கு இல்லை. அதற்குள் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர் கல்வி மந்திரியாகியிருந்தார்.

கேள்வி: ஆட்சி மாறினாலும் அசையாத அரசு வக்கீலே கிடையாதா?
(டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிப்பவர், மேற்கு மாம்பலம்)

நீங்களே ஆகலாம். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நிற்கும் உதவி பி.பி.க்கள் பரீட்சை எழுதி வருகிற அரசு ஊழியர்கள். காரணம் சொல்லாமல் அவர்களைக் கழற்ற முடியாது. அதனால் பிக்பாக்கெட் வழக்குக்கு நிரந்தர வக்கீல், கோடிக்கணக்கான ரூபாய் வழக்குக்குத் தற்காலிக வக்கீல்.

கேள்வி: எங்கள் மாப்பிள்ளைக்கு அரசு வக்கீல் பதவி கிடைக்கும் போலிருக்கிறது. சந்தோஷப்படலாமா?
(மாமனார், மயிலாப்பூர்)

தாராளமாக. தம்புச் செட்டித் தெருவில் வாடகைக்கு வைத்திருக்கும் ஆபீஸை மட்டும் காலி பண்ண வேண்டாம் என்று சொல்லுங்கள்.