பேருந்தின் பின்னோடல்: திண்டிவனம் – விழுப்புரம் தட மாணவர்தம் உடற்பயிற்சி குறித்த ஒரு முன்னாய்வு

நேரமில்லாத மாணவர் ஓட்டப்பயிற்சியைத் தொடங்குவது எப்படி என்று எழுதுவோர் யாவரும், அவர் இன்னும் ஓடத் தொடங்கவில்லை என்றே எடுத்துக்கொள்கின்றனர். அவர் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டுதான் இருக்கிறார், காலில் ஷூவும் மணிக்கட்டில் ஸ்மார்ட் வாட்சும் இல்லாத குறையால் யாரும் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை என்பதே இவ்வாய்வின் கருதுகோள். களத்தேர்வுக்கும் காரணம் உண்டு. 1896இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் நடந்த முதல் மாரத்தானின் தூரம் சுமார் 40 கிலோமீட்டர். திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குச் சாலைவழியும் ஏறக்குறைய அவ்வளவே. இந்தத் தற்செயலை இழுத்து நீட்டி முனைவர் பட்டம் வாங்க வழியிருக்கிறது. இக்கட்டுரை பெருந்தன்மையுடன் ஒரு வாக்கியத்தோடு விடுகிறது.

ஓடும் மாணவர் நால்வகையினர். முதல்வகையினர் காவலர் தேர்வுக்கு ஓடுவோர். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் கடக்க வேண்டும் என்ற விதியே இவர்தம் இலக்கணம்; விழுப்புரம் காகுப்பம் ஆயுதப்படை மைதானமே இவர்தம் சங்கப்பலகை. ஊரார் ஏற்றுக்கொண்ட ஒரே ஓட்டம் இதுதான் என்பது நோக்கத்தக்கது. உடம்புக்காகச் சும்மா ஓடுபவரையும் “என்ன தம்பி, செலக்‌ஷனா?” என்று கேட்டு இந்த வகையில் சேர்த்துவிட்டுத்தான் டீக்கடைப் பெஞ்சு அமைதியடையும் (மேம்பாலத்தடி வாய்மொழி மரபு, இரண்டாம் கிளாஸ்). இரண்டாம் வகையினர் ஜனவரி முதல் நாள் தொடங்கிப் பொங்கலுக்குள் முடிப்போர். மூன்றாம் வகையினர் நாய் துரத்த ஓடுவோர். விருப்பம் சாராமையின் இவர் ஆய்வெல்லைக்கு அப்பாற்பட்டவர்.

நான்காம் வகையே இவ்வாய்வின் உயிர்நிலை: பேருந்துக்குப் பின்னால் ஓடுவோர். தொலைதூர வண்டிகள் ஊருக்குள் நுழையாமல் பைபாஸிலேயே போய்விடுவதும், நுழைந்தவை நிறுத்தத்துக்கு முன்னரோ பின்னரோ நிற்பதும் வெறும் போக்குவரத்துச் செய்திகளாகவே இதுவரை பார்க்கப்பட்டன. இவை ஒரு பயிற்சித் திட்டத்தின் உறுப்புகள் என்பதை ஆய்வுலகம் கண்டுகொள்ளவில்லை. சுவீடன் நாட்டுப் பயிற்சியாளர் கோஸ்டா ஹோல்மர் 1930களில் ‘ஃபார்ட்லெக்’ என்ற முறையை வகுத்தார்: வேகமாக ஓடு, மெல்ல ஓடு, மறுபடி வேகமாக ஓடு, நேரக்கட்டு வேண்டாம். நம் மாணவரும் அதையே செய்கிறார். வண்டி மெதுவானால் மெதுவாகிறார், நகர்ந்தால் பாய்கிறார். ஹோல்மர் முறையில் இல்லாத இரண்டு கூறுகள் இங்கு உண்டு: முதுகில் பை, கையில் சாம்பார் சிந்தக்கூடாத டிபன் பாக்ஸ். பயிற்சியாளரின் பணியைக் கண்டக்டர் ஏற்கிறார். அவர் மொழிவதில் பாடபேதமும் உண்டு. பின்படிக்கட்டுப் பாடம் “ஓடியா, ஓடியா” என்கிறது, முன்படிக்கட்டுப் பாடமோ “பின்னாடியே வண்டி வருது” என்கிறது (பின்படிக்கட்டுப் பாடம், விசிலுக்கு முன், முன்படிக்கட்டுப் பாடம், விசிலுக்குப் பின், புகையால் சில எழுத்துகள் சிதைந்துள்ளன, இரண்டையும் ஒப்புநோக்கிய பயணி அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டமையால் உரை முற்றுப்பெறவில்லை). பின்னது இடைச்செருகல் என்பது எம் துணிபு. பின்னாடி வண்டி வந்ததற்கு அகச்சான்று இல்லை. மழைக்காலத்தில் விழுப்புரம் புதிய பேருந்து நிலையத்தில் தண்ணீர் தேங்கும்போது ஓட்டத்தோடு நீச்சலும் சேர்வதைத் தனி இயலாக விரிக்கலாம்.

இருபது வினாடி ஓடுவது எப்படிப் பயிற்சியாகும் என்பர் மறுப்போர். உலக சுகாதார நிறுவனத்தின் பழைய பரிந்துரையில், ஒரு தடவைக்குக் குறைந்தது 10 நிமிடமாவது தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்றிருந்தது. 2020இல் வெளியான புதிய வழிகாட்டுதல் அந்த வரம்பை நீக்கிவிட்டது. எவ்வளவு சிறிய அசைவும் கணக்கில் சேரும். ஆக மறுப்பு காலாவதியானது. அதே வழிகாட்டுதல் வாரத்துக்குக் குறைந்தது 75 நிமிடக் கடும் உழைப்பைக் கேட்கிறது. ஓட்டம் ஒன்றுக்கு 20 வினாடி எனக் கொண்டால் வாரத்துக்கு 225 பேருந்து. ஆறு வேலைநாளில் நாளொன்றுக்கு முப்பத்தேழரை. அரைப் பேருந்து எது என்ற ஐயம் எழலாம். நிற்பதுபோல் மெதுவாகி நிற்காமல் போவதே அது. இந்த எண்ணிக்கை நடைமுறைக்கு ஒவ்வாது என்போருக்கு ஒன்று சொல்லலாம்: நாளுக்கு 10,000 அடி நடக்க வேண்டும் என்ற புகழ்பெற்ற எண், 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிகணிப்பான் கருவியின் பெயரிலிருந்து பரவியது. அதைத் தாங்கிப்பிடிக்க ஆய்வாளர்கள் பிற்பாடுதான் வந்தனர், வண்டி கிளம்பியபின் மாணவர் வருவதுபோல.

வாரம் மூன்று நாள், காலையில் 25 நிமிடம் ஓடினாலே 75 நிமிடம் நிறைந்துவிடுமே என்பார் கணக்குத் தெரிந்த ஒருவர். உண்மைதான். தேர்வு வாரத்திலும் 25 நிமிடம் கிடைக்காத மாணவர் அரிது. கிடைத்த நிமிடங்களைப் பெரும்பாலும் போன் எடுத்துக்கொள்கிறது. ஆயினும் இவ்விடையை ஏற்றால் கட்டுரை ஒரு வரியில் முடிந்துவிடும். ஒரு வரியை எந்தப் பன்னாட்டுக் கருத்தரங்கும் ஏற்காது. கட்டணம் செலுத்திய பின்னும் ஐஎஸ்பிஎன் எண்ணிட்ட தொகுப்பில் குறைந்தது ஐந்து பக்கமாவது நிரப்பியாக வேண்டும்.

எஞ்சியது ஒரே தடை: விடுதி மாணவர் பேருந்தே ஏறுவதில்லையே, அவர் எதன் பின் ஓடுவார்? ஞாயிறு மதியம் மெஸ்ஸில் சிக்கன் போடும் வேளையில் மாடிப்படியில் நிகழும் பாய்ச்சலை இங்குச் சான்றாகக் காட்ட எண்ணியிருந்தோம். அத்தலைப்பை வேறொருவர் ஏற்கெனவே பதிவுசெய்து, நான்காம் முறையாகக் கால நீட்டிப்பும் கேட்டிருக்கிறாராம்.